யாரும் திறக்காதீங்க

கரக்... கரக்...

இருட்டிய நேரம். வாசலில் யாரோ எதையோ பிறாண்டும் சத்தம். தீபிகா காதைத் தீட்டிக்கொண்டாள். கணவனுக்கு ஆவடி ஃபேக்டரியில் இரண்டாவது ஷிஃப்ட். காய்ச்சலில் சுருண்டிருந்த குழந்தை கிரணை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மெல்லக் கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்தாள்.

பூனை. குப்பைப் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"சீ, போ சனியனே!" என்று அவள் விரட்டவும், காற்று பின்னால் கதவை அறைந்து சாத்தவும் சரியாக இருந்தது. ஆட்டோமேட்டிக் லாக். சாவி உள்ளே. போனும் உள்ளே. மழைச்சாரல் முகத்தில் அடித்ததும் கிரண் வீறிட்டான்.

ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"இன்னாங்க, குழந்தை அழுவுது..." உள்ளே சாவித்திரி அக்காவின் குரல்.

"தொறக்காதே! ரெக்கார்டிங்!" அது அவள் கணவர் சிவராமன்.

"சார், நான்தான் தீபிகா! கதவு சாத்திக்கிச்சு. குழந்தைக்கு உடம்பு கொதிக்குது சார்!"

"குரலைக்கூட அச்சு அசலா செஞ்சிருக்கானுங்க பாரு. எல்லாம் ஏ.ஐ."

"அக்கா, காலைல உங்ககிட்ட தோசை மாவு வாங்கினேனே!"

"அய்யோ, அதுகூடத் தெரிஞ்சிருக்குங்க!"

"இரு, அந்தப் பொண்ணுக்கே போன் போட்டுப் பாக்கறேன்."

பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் தீபிகாவின் போன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது.

"பாத்தியா? அது உள்ள நிம்மதியா தூங்குது."

தீபிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "யாரு சார் உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?"

"தீபிகாதான்டா! திருடனுங்க குழந்தை அழுற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிப் போடறானுங்க, யாரும் தொறக்காதீங்கன்னு மத்தியானமே வாட்ஸ்அப் குரூப்ல போட்டுச்சு. உன் ஜம்பம் இங்க பலிக்காது, ஓடிரு!"

கிரணுக்குச் சோறூட்டிக்கொண்டே, முழுசாகப் படிக்காமல் அவள் தட்டிவிட்ட செய்தி.

அப்போது கடைசி வீட்டுக் கதவு திறந்தது.

"அடடே, புள்ள நனையுதே! உள்ள வாம்மா." ஜமீலா கிரணை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தலையைத் துவட்டினாள். "உன் வீட்டுக்காரருக்கு என் போன்லேர்ந்து சொல்லிடலாம்."

"உங்களுக்குப் பயமா இல்லையாக்கா? குரூப்ல வந்ததைப் பாக்கலையா?"

"எனக்கு எங்க வருதும்மா? நீ போடறதுக்கெல்லாம் 'இது பொய், நம்பாதீங்க'ன்னு பதில் போட்டேன்னு போன மாசமே நீதானே என்னை குரூப்லேர்ந்து தூக்கிட்டே!"

ஜமீலா உரக்கச் சிரித்தாள்.

இந்த விஷயம் எதிர்வீட்டுக் காதில் விழுவதற்குள், தீபிகா பாய்ந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.