கேக்கல

கணக்கு டீச்சர் அன்று காலை வகுப்பில் நேராகப் பின்னத்துக்குள் குதித்துவிட்டாள்.

திரை முழுக்கப் பிள்ளைகளின் கட்டங்கள். கடைசியில் ஒரு கறுப்புக் கட்டம். அதற்குள், முகம் காட்டாமல், தலைமையாசிரியர்.

அவளுடையது தற்காலிக வேலை. வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று இந்த வகுப்பைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்யப்போகிறார்.

நோய்க்குப் பயந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டி, வகுப்பு போனுக்குள் வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்பாள்: சாப்பிட்டாச்சா?

அந்த ஒரு கேள்வி போதும். யார் அப்பாவுக்கு வேலை போனது, யார் ராத்திரி தூங்கவில்லை, யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது எல்லாம் தானாக வெளியே வரும்.

பாதி வகுப்பு இதிலேயே போகிறது என்று ஒரு அப்பா புகார் செய்துவிட்டார்.

"பாடம் எடும்மா, பந்தி விசாரிக்காத," என்று நேற்று போனில் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

நாலில் ஒரு பங்கு என்றால், என்று அவள் ஆரம்பிக்கும்போதே திரை ஓரத்தில் ஒரு வரி வந்து விழுந்தது.

'கேக்கல மிஸ்.'

போட்டவள், வாய் ஓயாததால் ரேடியோ என்று பேர் வாங்கியவள்.

டீச்சர் குரலை உயர்த்தினாள்.

'எனக்கும் கேக்கல.' 'எனக்கும் மிஸ்.'

இன்றைக்குப் பார்த்தா?

ஹெட்போனைப் பிடுங்கிச் செருகினாள். மைக்கை ஊதினாள். கதவோரம் நின்ற அண்ணனுக்குக் கையை ஆட்டினாள். அவன் மோடத்தை அழுகிற பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு, வயர் விட்ட தூரம் வரை உலாத்தினான்.

கேக்கல. கேக்கல. எப்போதும் நெட் தவழ்வதால் ஆமை என்றே பேராகிப்போன பையன்கூட உடனுக்குடன் போட்டான்.

கறுப்புக் கட்டம் கனைத்தது. தனக்கு மட்டும் கணீரென்று கேட்கிறதே என்றார் தலைமையாசிரியர்.

ரேடியோவுக்குப் பொறுமை போய்விட்டது. மைக்கைத் திறந்தாள்.

"ஐயோ மிஸ், நீங்க பேசுறது நல்லாத்தான் கேக்குது. சாப்பிட்டாச்சான்னு நீங்கதான் இன்னும் கேக்கல!"

கட்டத்துக்குக் கட்டம் பல் தெரிந்தது.

டீச்சர் கறுப்புக் கட்டத்தை ஒருமுறை பார்த்தாள். வருவது வரட்டும் என்று பின்னத்தை மூடி வைத்தாள். முதல் கட்டத்திலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

ஒருத்தன் தோசை கருகியதற்குத் தங்கைமேல் வழக்குத் தொடுத்தான். ஆமை பூனைக்குட்டியைத் தூக்கிக் காட்டினான். ரேடியோ ஒரு சின்னச் செய்தியறிக்கையே வாசித்தாள்.

பிள்ளைகளின் முறை முடிந்தது. ஓடி வந்த டீச்சரின் வாய் நிற்கவில்லை.

"சார், நீங்க?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெட் நிஜமாகவே போய்விட்டதோ என்று அண்ணன் மோடத்தைத் தலைக்குமேல் தூக்கினான்.

"இன்னும் இல்லம்மா," என்றது கறுப்புக் கட்டம். "யாரும் கேக்கல."