அதே பெயரில் ஒரு கோப்பு

அந்தக் கோப்பை அழித்துவிட ஒரு தட்டு போதும். அவள் விரல் விசையின் மேல்தான் இருந்தது.

மருத்துவமனை நோயாளிகளுக்குத் தேதி நினைவூட்டும் புரோகிராம் அது. 'காலண்டரை இம்போர்ட் செய்', அதாவது அந்தப் பெயருள்ள கோப்பை எடுத்துக்கொள், என்று அதில் ஒரு வரி. கம்ப்யூட்டர் முதலில் தன் ஃபோல்டருக்குள் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் வெளியே போய் அசலை எடுத்துவரும். அதே பெயரில் எது முதலில் அகப்பட்டாலும், நீ யார் என்று கேட்காது.

அகப்பட்டது இந்தக் கோப்பு. எப்போதோ பழகிப் பார்க்க அவள் எழுதிய அரைகுறை 'காலண்டர்'. போன வாரம் தன் வேலையை அந்தப் புரோகிராம் ஓடும் சர்வரில் ஏற்றியபோது கூடவே தொற்றிக்கொண்டு போயிருக்கிறது.

நாற்பது பேருக்குத் தப்பான தேதி போய்விட்டது. ரத்தச் சுத்திகரிப்புக்கு இரண்டு நாள் தாமதமாக வந்த ஒருவர், இப்போது தீவிர சிகிச்சையில்.

புரோகிராமை எழுதியவர் 'ஆமை'. எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பதால் ஆபீஸ் வைத்த பெயர். அவரைத்தான் "கவனக்குறைவு" என்று கடிதம் கொடுத்து நேற்று அனுப்பிவிட்டார்கள்.

"காரணத்தையெல்லாம் தோண்டிக்கிட்டிருக்காதே. ஓடினா போதும்," என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கேட்காமல் தோண்டியது அவள்தான்.

ஆமைக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, தப்பு உங்களோடது இல்ல. என் ஃபைல்தான் குறுக்க வந்திருக்கு."

ஆமை குரலைத் தாழ்த்தினார்.

"அழிச்சிடும்மா. உன் சம்பளத்துலதான் வீடு ஓடுது. என்னோட போகட்டும்."

அதைக் கேட்ட பிறகு அவளால் அழிக்க முடியவில்லை. நடந்ததை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மேனேஜர் அறைக்குள் போனாள்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உட்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?"

"வேணாம் சார். அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டுடுவீங்கல்ல?"

"அவர் போனது போனதுதான்." தாளை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். "ரெண்டு பேரைக் குறைக்கணும்னு மேலிடத்து உத்தரவு. ரெண்டாவது ஆளுக்குத்தான் காரணம் கிடைக்காம தவிச்சுக்கிட்டிருந்தேன்."