வெர்லினின் எதிர்ப்பு

"ஊருல எல்லாரும் ஹாலோவீனுக்கு வாசல்ல பூசணிக்காய் வெச்சிருக்காங்க. நீங்க மட்டும் ‘பள்ளிக்கூடக் கடன் வேண்டாம்’னு பலகை வெச்சிருக்கீங்க. என்னால வெளிய தலை காட்ட முடியலப்பா" என்றாள் ஜோலீன்.

அவள் அப்பா வெர்லின் காபிக் கோப்பையிலிருந்து நிமிரவில்லை. "என் நிலம், என் பலகை."

அறுநூறு ஏக்கர் சோளமும் சோயாவும் அவருடையது. பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்க ஊர் சம்மதித்தால் நிலவரி ஏறும் என்பது ஜோலீனுக்கும் தெரியும். ஆனால் அவள் அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. மழை பெய்தால் அவள் வகுப்பில் நான்கு வாளிகள் வேண்டும். போன ஜனவரியில் கொதிகலன் நின்றுபோய், பிள்ளைகள் குளிர்கோட்டுகளைக் கழற்றாமலே எழுதினார்கள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாக்களிப்பவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் ‘ஆம்’ என்றால்தான் கடன். இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்து, ஐம்பத்தேழிலும் ஐம்பத்தொன்பதிலும் நின்றுவிட்டது. மூன்றாவதும் தோற்றால் பள்ளியை மூடி, பிள்ளைகளை முப்பது மைல் தள்ளி அடுத்த ஊருக்கு அனுப்புவதென்று நிர்வாகக் குழு முடிவு செய்திருந்தது.

"முந்தின ரெண்டு தடவையும் சும்மாத்தானே இருந்தீங்க?"

"அப்ப கோபம் வரல. இப்ப வந்துருச்சு."

பலகையோடு அவர் நிற்கவில்லை. தான் படித்த காலத்தில் ஒழுகும் கூரைக்கு வாளிகூட வைத்ததில்லை என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பொதுக்கூட்டத்தில் எழுந்து, புதுக் கூரை கேட்பவர்களில் பாதிப்பேர் சொந்த வீட்டுக் கூரைக்கே பாக்கி வைத்திருக்கிறார்கள் என்றார்.

‘ஆம்’ குழுவை நடத்தியவள் மருந்துக்கடைக்காரி லோர்னா. அவள் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டாள். "வெர்லின், நீங்க செத்தாக்கூட சவப்பெட்டிக்காரன்கிட்ட தள்ளுபடி கேப்பீங்க."

அரங்கம் சிரித்தது. ஜோலீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு அவரை முன்பே பிடிக்காது. வயல் வடிகாலுக்காகப் பக்கத்து நிலக்காரர்கள் மூன்று பேரைக் கோர்ட்டுக்கு இழுத்தவர். தேவாலயத்தில் அவருக்கு இருபுறமும் இருக்கை காலியாகவே இருக்கும். அந்த வாரத்திலிருந்து ஜோலீனும் வேறு வரிசைக்கு மாறினாள். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அப்பா வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

வாக்கெடுப்பு நாளில் அறுவடை இன்னும் முடியவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் யாரும் இயந்திரத்தை விட்டு இறங்குவதில்லை. இந்த முறை வாக்குச்சாவடி வரிசை படிக்கட்டைத் தாண்டி நின்றது. வடிகால் வழக்கில் தோற்ற கர்டிஸ், சேற்றுக் காலணியோடு ஜோலீனிடம் வந்தார்.

"தப்பா நினைக்காதேம்மா. போன ரெண்டு தடவையும் நான் வரவே இல்ல. உங்கப்பன் ஜெயிச்சிடக் கூடாதுன்னுதான் இன்னிக்கு வந்தேன்."

நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் ‘ஆம்’ என்றார்கள்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஜோலீன் அப்பா வீட்டுக்குப் போனாள். தோற்ற மனிதரைத் தனியாக விட மனம் வரவில்லை. தானியக் கொட்டகைக்குப் பின்னால், சாலைக்குத் தெரியாதபடி, ஒரு கார் நின்றிருந்தது.

சமையலறையில் அப்பாவுக்கு எதிரே லோர்னா உட்கார்ந்து, அவர் தட்டில் இரண்டாவது துண்டு ஆப்பிள் கேக்கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருஷம் நூலகத்துக்கு ஓட்டு வருது, வெர்லின்" என்றாள் அவள். "அதையும் நீங்கதான் எதிர்த்துக் குடுக்கணும்."