குடத்தின் நிழல்

தலைவரின் பழைய படத்தைச் சுத்தம்பண்ணி வெளியிட்ட புது டிஸ்க்கில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்று இருதயராஜ் சொன்னதும் ரசிகர் மன்றமே அவர்மேல் பாய்ந்தது.

“நம்ம தலைவர் குத்துப்பட்டுச் சாகுற தெருவுல ஒருத்தி குடத்தோட போவா. கேமராவைப் பார்த்துட்டாள்னு டிஸ்க் போட்ட கம்பெனிக்காரனுங்க அவளை அழிச்சிட்டானுங்க. பழைய கேசட்டுல இருக்கா!”

“யோவ், அந்தப் படம் எங்களுக்கு மனப்பாடம். அப்படி ஒருத்தியே கிடையாது,” என்றார் மன்றச் செயலாளர் கோட்டீஸ்வரன். “போடு உன் கேசட்டை.”

கேசட்டில் பூஞ்சை. டிவியில் வெறும் புள்ளிகள் கொதித்தன.

“உன் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சாளா? மோகினியா?” என்று சிரித்தார்கள். நாயகனை விட்டு ஒருநாளும் கண்ணை எடுக்காத கூட்டம்.

இருதயராஜ் புது டிஸ்க்கைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தினார். தெருவில் பிணம் மட்டும் கிடந்தது. பின்சுவரில், இடுப்பில் குடம் வைத்த ஒரு நிழல்.

“இது யார் நிழல்? உங்கப்பன் நிழலா?”

குடத்தோடு போனவள் தன் அக்கா என்பதை இருதயராஜ் இவர்களிடம் சொன்னதே இல்லை. துணை நடிகையாக ஒரே ஒரு படம். அதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அவர் குனிந்து அந்த நிழலின் தோளைத் தொட்டார்.

முதுகுக்குப் பின்னால் செல்போன் ‘க்ளிக்’ என்றது.

“நல்லவேளை, காட்டிக் கொடுத்தே,” என்றார் கோட்டீஸ்வரன். “கம்பெனிக்கு அனுப்பிட்டேன். அடுத்த டிஸ்க்குல இந்த நிழலையும் எடுத்துருவாங்க.”