உதிரன் கேட்காத மன்னிப்பு

காபியில் சர்க்கரை போதவில்லையென்று மனைவி எஸ்தரிடம் முகம் சுளித்துவிட்டுப் படுத்த எழுத்தாளர் தேவசகாயம் எழுந்திருக்கவில்லை. அவருடைய மாயாஜாலத் தொடர் பதினொரு பாகத்தோடு நின்றது. பன்னிரண்டாவதைத் தம்பி சேவியர் எழுதினான். மெய்ப்புத் திருத்துவது வழக்கம்போல எஸ்தர்தான். இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்காத மந்திரவாதி உதிரன், இதில் பக்கத்துக்குப் பக்கம் கேட்டான். அந்த வரிகளைக் காகிதம் கிழியும்படி அவள் அடித்துக்கொண்டே வந்தாள்.

"மனுசன் திருந்தவே மாட்டானா, மைனி?" என்றான் சேவியர்.

"உங்க அண்ணன் செத்தப்புறமா திருந்துவாரு?"

கடைசிப் பக்கத்தில் உதிரன் தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டான். எஸ்தரின் பேனா அந்த வரியின்மேல் நின்றது. அடுத்த வரியில் உதிரன், தேவசகாயத்தைப் போலவே, இடது கையால்தான் விளக்கைத் தூண்டினான்.