சர்க்யூட் போர்டும் வெள்ளி உறையும்

ரோபோ போட்டி நடந்த மண்டபத்தில், மேஜை மேல் ஒரு வெள்ளி உறை கிடந்தது. அதற்குள் இருந்த மாற்று சர்க்யூட் போர்டு ஓயாமல் நச்சரித்தது.

"அண்ணே, களத்துல ரோபோ ஓடுற சத்தம் கேக்குது. வாயைத் திறங்களேன்."

"சும்மா கிட! கம்பளத்துல நடந்து வர்றவங்க உடம்புல மின்சாரம் ஏறியிருக்கும். அந்தக் கை பட்டா நீ கரிஞ்சுருவே."

"பாதியாவது திறங்க."

"கால்வாசிகூடக் கிடையாது."

பாதிப் போட்டியில் ரோபோ நின்றுபோனது. அதைச் செய்து போட்டிக்குக் கொண்டுவந்த மதிவதனி, அதைத் தூக்கிக்கொண்டு கம்பளத்தில் ஓடி வந்து, நேரே உறைமேல் கை வைத்தாள். உறை வாயை இறுக்கிக்கொண்டது. வாய் திறக்காததும் அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மேஜையில் கிடந்த, கம்பி கோத்த கைப்பட்டையை எடுத்து மணிக்கட்டில் மாட்டினாள். உடம்பில் இருந்த மின்சாரமெல்லாம் பட்டையின் கம்பி வழியே தரைக்குள் இறங்கியது. பிறகுதான் உறை வாய் திறந்தது.

போர்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோபோவுக்குள் போய் உட்கார்ந்தது. ரோபோ களத்துக்கு ஓடியது.

மேஜைக்குத் திரும்பிய கைப்பட்டை கேட்டது: "சண்டைக்காரரே, உள்ளேதான் ஆள் இல்லையே. இன்னும் எதுக்கு வாயைத் திறந்து வெச்சிருக்கீங்க?"

"போர்டு திரும்பி வர்றப்ப மூடியிருந்தா, நான் கோவமா இருக்கேன்னு நெனச்சு அது வெளியவே நின்னுரும்" என்றது உறை.