இடது பக்கப் பின் கதவு

கதவு திறக்கவில்லை. ஸ்ரீவத்சன் நான்காவது முறையாகப் பட்டனை அழுத்திப் பார்த்தான். காருக்குள் விளக்கு இல்லை, ஏ.சி. இல்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவனே போய் மாட்டிக்கொண்ட சிறைதான் அது. பல்லாவரம் ஷோரூமின் பின்பக்கத்தில் டெஸ்ட் டிரைவ் காரின் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தான். போன வருஷம் புது டிசைனில் வந்த பெரிய குடும்பக் கார். வண்டி வாங்குகிறவர்களுக்காக இப்படி ஒவ்வொன்றையும் சோதித்து வீடியோ போடுவது அவன் தொழில்.

பக்கத்தில் ரத்தினபாய் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அனகாபுத்தூர்க்காரர், ரிட்டயரான கணக்கு டீச்சர். அவன் வீடியோவைப் பார்த்துவிட்டு, நேரில் வந்து ஒரு சந்தேகம் தீர்க்க வேண்டும் என்று அழைத்திருந்தார்.

“பதினோரு நிமிஷ வீடியோ தம்பி. டிக்கி எவ்ளோ பெருசுன்னே மூணு நிமிஷம் பேசினீங்க. கதவுக்கு என்ன சொன்னீங்க?”

“விரலால தொட்டாலே போதும்னு சொன்னேன்.” அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

டீச்சரின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் புகுந்து வண்டியில் கரண்ட் போய்விட்டால், பின்னால் இருப்பவர் எப்படி வெளியே வருவது?

“மழைன்னா எங்க தெருவே ஆறுதான். எங்க வீட்டு சாருக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன். இந்த இடது பக்கப் பின் சீட்டுதான் அவருக்கு வசதி. முன்னாடி தாண்டி வர முடியாது.”

விளக்கச் சொன்னால் ஸ்ரீவத்சனுக்கு வேர்வைகூட மறந்துவிடும். “பழைய மாடல்ல கைப்பிடியை இழுத்தா ஒரு கம்பி நேரா போய்ப் பூட்டை விடுவிக்கும்மா. இதுல பட்டனைத் தொட்டா, கதவுக்குள்ள ஒரு குட்டி மோட்டார் அந்த வேலையைச் செய்யுது. கரண்ட் போச்சுன்னா மோட்டாரும் போச்சு. அதனால முன் கதவுல அவசரத்துக்குக் கைக்கெட்டற மாதிரி ஒரு லீவர் வெச்சிருக்காங்க. முன்னாடி இருக்கறவங்க தப்பிச்சுடலாம்.”

“ஆமா,” என்றார் டீச்சர். “முன்னாடி இருக்கறவங்க தப்பிச்சுடலாம்.”

திறந்தே விட்டிருந்த முன் கதவு வழியாக சேல்ஸ்மேன் ஆபேல் தலையை நீட்டினான். “பின்னாடியும் ஏதோ இருக்குன்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க சார். எங்கன்னுதான் மறந்துபோச்சு. மேனுவல்ல இருக்கும்.”

“மேனுவல் எங்க?”

“ஸ்கிரீன்ல சார்.”

ஸ்கிரீன் கறுப்பாக இருந்தது.

“டெலிவரி அன்னிக்கு எல்லாத்தையும் சொல்லித்தான் மேடம் கொடுப்போம்,” என்று ஆபேல் சமாளித்தான். “யார் காதுல வாங்கறாங்க? கேக் வெட்டணும், அட்டைச் சாவியைப் புடிச்சுக்கிட்டு போட்டோ எடுக்கணும், டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும்.”

“பாஸ்டர் ஜெபம் பண்ணணும்,” என்றார் டீச்சர்.

“அதேதான் மேடம்.”

ஆபேல் போய் பேட்டரியை மாட்டினான். ஸ்கிரீன் எரிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு படமும் நான்கு வரியும். ஸ்ரீவத்சன் இரண்டு தடவை படித்துவிட்டு, பேட்டரியை மறுபடி கழற்றச் சொன்னான்.

கதவின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் பாட்டில் வைக்கிற குழி. அதன் அடியில் விரித்திருந்த ரப்பரை நகத்தால் தூக்கினான். கீழே ஒரு சின்ன மூடி; மூடிக்குள் ஒரு கம்பி வளையம். இழுத்தான்.

கதவு திறந்து வெயில் மடியில் விழுந்தது.

“பாத்தீங்களாம்மா? மூணே செகண்ட். அந்தக் கம்பியை எடுக்கல, ஒளிச்சு வெச்சிருக்காங்க, அவ்ளோதான். இன்னிக்கே இதை வீடியோவா போட்டுடறேன்.”

டீச்சர் அவனை இறங்கச் சொல்லிவிட்டு, அந்த இடது சீட்டுக்கு நகர்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் குனிவது தெரிந்தது. கதவு திறந்தது. மறுபடி சாத்தினார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, கையால் மட்டும் துழாவினார். அப்போதும் திறந்தது.

ஆபேலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அப்ப புக் பண்ணிடலாமா மேடம்? எந்தக் கலர்?”

“இதே வண்டியை தாம்பரத்துல வாங்கியாச்சு தம்பி. போன மழையிலேர்ந்து போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்குது.”

வளையத்தை அவர் விரல் இன்னும் விடவில்லை.

“ரப்பரைத் தூக்கி இதை இழுத்திருந்தா, எங்க சார் வெளிய வந்திருப்பார்.”